ரெண்டாவது தோட்டா

லைசென்ஸ் அந்தப் பிளாஸ்டிக் கவர்ல இருக்கு, எடுத்துப் பாத்துக்கங்க பாய். போட்டோவுல இருக்குறது நான்தான், மீசை இப்ப நரைச்சுப்போச்சு. தோட்டாவையெல்லாம் எடுத்துட்டுத்தான் மேசையில வச்சுருக்கேன். நம்பிக்கை இல்லைன்னா நீங்களும் ஒருக்கா பாருங்க. பாப்பீங்கன்னு தெரியும். துப்பாக்கி ரிப்பேர் பாக்குற ஆளுங்க யாரும் நாங்க சொல்றதை நம்புனதில்லை.

ஒண்ணை முதல்லயே சொல்லிடுறேன். நீங்க எனக்கு மூணாவது ஆளு. மதுரையில ஒருத்தர், திண்டுக்கல்ல ஒருத்தர், ரெண்டு பேரும் என்னை முட்டாளாக்கி அனுப்பிட்டாங்க. போடியிலருந்து விடியுமுன்ன கார் எடுத்து உங்களைத் தேடி திருச்சிக்கு வந்துருக்கேன். வேலையை நீங்க பாருங்க, பேச்சை நான் பேசிக்கிறேன். குறுக்க கேள்வி கேட்டா எனக்கு ஆகாது.

இது எங்க அய்யா சாமான். ஏலக்காய்த் தோட்டத்தை வித்துட்டு ஊருக்குக் கப்பலேறுன துரை ஒருத்தன் அய்யாவுக்கு வித்தது. கையை மடக்குனா உள்ளங்கைக்குள்ள அடங்கிரும். மேகசினுக்கு ஆறு தோட்டா. அய்யா இதை வேட்டி மடிப்புல சொருகிக்கிட்டு மலைக்குப் போவாரு. அவரு காலத்துல ஒருநாள்கூட இது சிக்குனதில்லை. எங்கிட்ட வந்த பெறகுதான் இதுக்கு வீம்பு. முதல் தோட்டா போயிரும். ரெண்டாவது ஏறாது. மூக்கு முட்டிக்கிட்டுப் பாதியில நிக்கும், மேல் இரும்பு மூடாது. குத்திக் குலுக்கி எடுக்கணும். அதுக்குள்ள எதிராளி வீட்டுக்குப் போயி சோறு தின்னுட்டுத் தூங்கிருவான்.

எதிராளின்னா யாருன்னு கேக்குறீங்களா. கேக்கலையா? சரி, கேக்கலைன்னாலும் சொல்றேன். என் தம்பி பவுன்ராசு.

அய்யா தோட்டத்தை மேல எனக்கு, கீழ அவனுக்குன்னு பிரிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாரு. ஜீப் பாதை அவன் பக்கமாத்தான் ஏறும். இருபது வருசமா நான் பாட்டுக்குப் போவேன், வருவேன். போன வருசம் பாதைக்குக் குறுக்க ஒரு இரும்புக் கேட்டு போட்டுட்டான். என்னடான்னு கேட்டா, நான் ஜீப்பை வேகமா ஓட்டுறேனாம், காய் எடுக்குற பொம்பளை ஒருத்தி மேல ஏத்தப் பாத்தேனாம். ஏத்தவா செஞ்சேன்? அவதான் ஒதுங்கிட்டாளே. கேட்டுல பூட்டெல்லாம் கிடையாது, வெறும் கொக்கிதான். ஆனா நான் எதுக்கு இறங்கி கொக்கியை எடுக்கணும்? நான் அண்ணன். என் அய்யா வெட்டுன பாதை. எனக்கு இறங்கத் தெரியாது பாய்.

கார்த்திகை மாசம், மழை விட்டு வெயில் அடிச்ச ஒருநாள், இதை இடுப்புல வச்சுக்கிட்டுப் போனேன். அவன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னான். கூட அவன் தோட்டத்து ஆளுங்க, ஆணும் பொண்ணுமா இருவது பேரு. திறடான்னேன். கொக்கிதாண்ணே, நீங்களே எடுங்கன்னான். எல்லார் முன்னாடியும் சொன்னான். நான் இதை எடுத்து வானத்தைப் பாக்க ஒண்ணு சுட்டேன். ஒரு காக்கா மிச்சமில்லை. அப்பவும் அவன் நகரலை. அடுத்ததுக்குக் கையை இறக்குனேன்.

வானத்துக்கு இல்லை. எதுக்குப் பொய் சொல்லணும், அவன் நெஞ்சைப் பாத்துத்தான் இறக்குனேன். அழுத்துறேன், ஒண்ணும் இல்லை. பாத்தா ரெண்டாவது தோட்டா மூக்கு முட்டிக்கிட்டு நிக்குது. நான் குலுக்குறேன், இழுக்குறேன், அது வரமாட்டேங்குது. அப்ப யாரோ ஒரு பொம்பளை சிரிச்சா. அவ சிரிச்சதும் எல்லாரும் சிரிச்சாங்க. பவுன்ராசு சிரிக்கலை. அவன் மூஞ்சி வெளுத்துப்போயி நின்னான். ஆனா அந்தச் சிரிப்பு இருக்கே, அது இன்னும் என் காதுல கேக்குது. சாப்பிட உக்காந்தா கேக்குது. அன்னிக்கிருந்து எனக்கு அவனோட பகைன்னா, அதுல பாதி இந்த இரும்போடயும் பகை.

போலீசுல அவன் புகார் குடுக்கலை. பயம். வேற என்ன? என் வீட்டுக்காரி நாகரத்தினம் அன்னிக்குச் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போயிட்டு வந்தா. அவன் என்ன செய்யப்போறான்னு வேவு பாக்கப் போயிருப்பா. வந்து நேரா அடுப்படிக்குப் போயிட்டா. முழங்கால்ல மண்ணு ஒட்டியிருந்துச்சு. வழியில வழுக்கி விழுந்துருப்பா.

அந்தா, வாசல்ல பெஞ்சுல உக்காந்துருக்கால்ல, அவதான். எங்க போனாலும் கூட வந்துருவா. இதை ரிப்பேருக்குக் கொண்டு போறேன்னா சோத்தைக்கூட அடுப்புல விட்டுட்டு வந்து காருல ஏறிக்குவா. இந்த வீட்ல இந்தச் சாமானைப் பத்தி அக்கறை உள்ள ஒரே ஆளு அவதான்.

மதுரைக்காரர் மேகசினைக் கழட்டி, ஒரு ஊசியை விட்டு நோண்டுனாரு. உள்ளருந்து உதிர் உதிரா மஞ்சளா விழுந்துச்சு. சந்தனம். ஆயுத பூசைக்கு எங்க வீட்ல ஜீப்பு, கவாத்துக் கத்தி, தராசு எல்லாத்துக்கும் பொட்டு வைப்போம், இதுக்கும் வச்சோம். நாகரத்தினம் தாராளக் கைக்காரி, அப்பிருப்பா. அது மேகசினுக்குள்ள வழிஞ்சு காஞ்சு இறுகிப்போச்சு. தோட்டாவை மேல தூக்குற தகடு அதுல ஒட்டிக்கிச்சாம். அந்த மனுசன் என்னைப் பாத்து, துப்பாக்கிக்குள்ள யாராச்சும் சந்தனம் பூசுவாங்களான்னு கேட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சாமிக்கு வச்சது எப்படிய்யா தப்பாகும்னு சத்தம் போட்டேன். எழுபது வருசமா வச்ச பொட்டுதானே?

ஆனா கூட வந்திருந்த நாகரத்தினம் மேசைக்குக் கிட்ட வந்தா. அந்தச் சந்தனத்தூளைப் பாத்துக்கிட்டே இருந்தா. பெறகு மேகசினை வாங்கி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டா. இம்புட்டு பக்தி எங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாது.

அதோட அவரை ஒவ்வொண்ணாக் கேக்க ஆரம்பிச்சா. இந்த ஸ்பிரிங் எதுக்குண்ணே, இதுக்கு வலு குறைஞ்சா என்னாகும். மேல ரெண்டு உதடு மாதிரி வளைஞ்சுருக்கே, அது விரிஞ்சுபோனா என்னாகும். அவரும் நோட்டுல படம் போட்டுச் சொல்லிக் குடுத்தாரு. உதடு விரிஞ்சா தோட்டா நேரா நிக்காதும்மா, ஸ்பிரிங் தளந்தா அடுத்தது மேல வராதும்மான்னு. எனக்கே அம்புட்டும் மண்டையில ஏறலை, அவ கவனமாக் கேட்டுக்கிட்டா. அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவ. பெருமையா இருந்துச்சு.

சுத்தம் பண்ணி, அவரு கடைக்குப் பின்னால மணல் பெட்டியில ஆறையும் சுட்டுக் காட்டுனாரு. படபடன்னு போச்சு. சந்தோசமா வந்தேன்.

தை மாசம் தோட்டத்துல பலாமரத்துல சுட்டுப் பாத்தா, பழைய கதை. முதலாவது போச்சு, ரெண்டாவது நிக்குது. நேரா மதுரைக்கு வண்டியை விட்டேன். அந்தாளு லென்சுல பாத்துட்டு, உதடு ரெண்டும் விரிஞ்சுருக்கு, யாரோ குறடு போட்டு விரிச்சுருக்காங்கன்னாரு. சொல்லும்போது என்னைப் பாக்கலை, இவளைப் பாத்தாரு. இவ தரையைப் பாத்தா. என் வீட்டுக்குள்ள வந்து, என் பீரோவைத் திறந்து, என் சாமான்ல குறடு போடுறவன் எவன்?

ஒச்சுதான். எங்க வாட்ச்மேன். பன்னண்டு வருசம் எங்கிட்ட இருந்தான். தம்பி வீட்டு ஆளோட டீ குடிச்சதை நானே ஒருதரம் பாத்துருக்கேன். அன்னிக்கே அவனையும் அவன் பொண்டாட்டியையும் பெட்டி படுக்கையோட இறக்கிவிட்டேன். நான் இல்லய்யான்னு அழுதான். யாருதான் ஒத்துக்குவான்? நாகரத்தினம் அன்னிக்கு மட்டும் எங்கிட்ட வாதாடுனா. அவன் இல்லைங்க, சத்தியமா அவன் இல்லைங்கன்னு. உனக்கு எப்படிடி தெரியும்னேன். அவ ஒச்சு பொண்டாட்டிக்குப் பெட்டி தூக்கிவிடப் போயிட்டா. அவளுக்கு இளகுன மனசு பாய். இப்பவும் ஒச்சு வீட்டுக்கு அரிசி போகுது, எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறா.

வீட்ல குறடு இருக்கான்னு மதுரைக்காரர் அன்னிக்குக் கேட்டிருந்தாரு. இருக்கு. ஸ்டோர்ல ஏலக்காய் காயப்போடுற தட்டுக்குக் கம்பிவலை அடிக்கணும்ல, அதை வருசா வருசம் நாகரத்தினமே அடிப்பா. அவ கையில குறடு அம்புட்டு லாவகமா நிக்கும். அது எங்க இருக்கும்னு ஒச்சுவுக்கும் தெரியும்.

பங்குனியில தேர்தல் வந்துச்சு. லைசென்ஸ் ஆயுதத்தையெல்லாம் ஸ்டேசன்ல ஒப்படைக்கச் சொல்லிட்டாங்க, உங்களுக்குத் தெரியாததா. மதுரைக்காரர் உதட்டை நிமித்திக் குடுத்திருந்தாரு, அதோட கொண்டுபோயி குடுத்தேன். ரெண்டரை மாசம் அங்க ஒரு சாக்குக்குள்ள கிடந்துச்சு. எண்ணெய் போட ஆளில்லை, துடைக்க ஆளில்லை. திரும்பி வாங்குன அன்னிக்கு வழியிலயே தோட்டத்துக்குப் போயி சுட்டேன். ஆறும் போச்சு. கேளுங்க, ஆறும்! வீட்டுக்குக் கொண்டுவந்து, நாகரத்தினம் துடைச்சு எண்ணெய் போட்டு பீரோவுல வச்சா. எட்டாம் நாள் சுட்டா, ஒண்ணு போச்சு, ரெண்டாவது நிக்குது.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. ஈரம். எங்க வீட்டுச் சுவத்துல ஈரம். பீரோவுக்குப் பின்னால வெள்ளையடிக்கவே வச்சேன். ஏன் சிரிக்கிறீங்க? சிரிக்கலைன்னா சரி.

அப்பறம் திண்டுக்கல். மதுரைக்காரர் மேல நம்பிக்கை போச்சு. இவரு பிரிச்சுப் பாத்துட்டு, ஸ்பிரிங்ல ரெண்டு சுத்துக் குறையுதுன்னாரு. துரு தின்னுருக்கும்னேன். துரு இம்புட்டு நேரா வெட்டுமான்னு கேட்டாரு. கேட்டுட்டு, வீட்ல யாரு யாரு இருக்கீங்கன்னாரு. என் வீட்ல யாரு இருந்தா உனக்கென்னய்யா, உன் வேலை ஸ்பிரிங் போடுறதுதானேன்னு கத்திட்டேன். புது ஸ்பிரிங் போட்டுக் குடுத்தாரு. வாங்கும்போது என் கையைப் புடிச்சுக்கிட்டு, ஒரு யோசனை சொல்றேன், இதை அரசாங்கத்துலயே ஒப்படைச்சுருங்கன்னாரு. கையை உதறிட்டு வந்தேன். எங்க அய்யா சாமானை ஒப்படைக்கச் சொல்ல இவன் யாரு.

அந்தப் புது ஸ்பிரிங்கும் இப்பக் காலை வாருது. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்துருக்கேன்.

என்ன கேட்டீங்க? நீங்களுமா? வீட்ல யாரும் இல்லை பாய். நானும் அவளும்தான். எங்களுக்குப் புள்ளை இல்லை. கல்யாணமாகி இவ வந்தப்ப பவுன்ராசுக்கு ஏழு வயசு, ஆத்தா இல்லாதவன். இவதான் தலை சீவிவிட்டு, சோறு ஊட்டி வளத்தா. காய்ச்சல் வந்தா மடியிலயே வச்சுருப்பா. அவனும் இவளை அண்ணின்னு கூப்புட்டதில்லை, அம்மான்னுதான் கூப்புடுவான். அப்பேர்ப்பட்டவளுக்கு அவன் இப்படிச் செஞ்சா வயிறு எரியாதா? என்னைவிட இவளுக்குத்தான் அவன் மேல ஆத்திரம். வெளிய காட்டிக்க மாட்டா, அம்புட்டுதான்.

நல்லாக் கேளுங்க, ஏன் இம்புட்டு அவசரப்படுறேன்னு. வர்ற வெள்ளிக்கிழமை சர்வேயர் வர்றாரு. பாதை யாருதுன்னு அளக்கப்போறாங்க. பவுன்ராசு அந்தக் கேட்டுக்கிட்டதான் நிப்பான், அதே இருவது பேரோட. எந்த இடத்துல சிரிச்சாங்களோ அதே இடம். கொக்கியை நீங்களே எடுங்கன்னு மறுபடியும் சொல்லுவான். சொல்லட்டும். அவன் சொல்லணும்னுதான் காத்திருக்கேன். இந்தத் தடவை வானத்துக்கெல்லாம் வீணாக்க மாட்டேன், ஆனா ஒண்ணு தப்புனா அடுத்தது ஏறணும்ல? எனக்கு ரெண்டாவது தோட்டா வேணும். அம்புட்டுதான் உங்ககிட்ட கேக்குறேன். பெறகு ஜெயிலுக்குப் போனாலும் போறேன். அந்தச் சிரிப்பு காதுல கேக்குறது நிக்கணும்.

இதை நேத்து நாகரத்தினத்துக்கிட்ட சொன்னேன். கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. நிமிந்தே பாக்கலை. "அப்ப நானும் வாறேன், உங்களுக்கு முன்னாடி நடந்து வாறேன்"னா. நீ எதுக்குடின்னேன். "கேட்டுக்கு முன்னாடி நான்தான் நிப்பேன்"னா. பாத்துக்கங்க. புருசனுக்கு ஒரு அவமானம்னா முன்னால வந்து நிக்குற பொம்பளை. இந்தக் காலத்துல யாருக்குக் கிடைக்கும்?

என்ன, கழட்டிட்டீங்களா? என்ன அது? ஸ்பிரிங்குக்கு அடியில என்னமோ திணிச்சுருக்கே. இடுக்கியால இழுங்க. நூலா? வெளிச்சத்துல காட்டுங்க.

மஞ்சக்கயிறு.

இது... இது தாலிக்கயிறு பாய். பழசு. ஆடிப்பெருக்குக்குத்தான் எங்க பக்கம் பொம்பளைங்க பழசைக் கழட்டிட்டுப் புதுசு கட்டுவாங்க. பழசை ஆத்துல விட்டுருவாங்க. இவளும் முல்லையாத்துக்குப் போயிட்டுத்தான் வந்தா, விட்டுட்டேன்னுதான் சொன்னா. இதுக்குள்ள எப்படி?

சரி, புரிஞ்சுபோச்சு. எனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு, காப்பா வச்சுருக்கா. பைத்தியக்காரி. தாலி நிக்கணும்னு துப்பாக்கிக்குள்ள தாலிக்கயிறை வைக்கிறா. உள்ள வச்சா ஸ்பிரிங் அமுங்காதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்.

அப்ப முடிஞ்சுதே. கயிறுதானே, எடுத்தாச்சு. இனி ஏறும்ல? மாட்டிக் குடுங்க, கிளம்புறேன்.

ஏன் மாட்ட மாட்டேங்குறீங்க? என்னது, பத்து நாளா? கயிறை எடுத்தாச்சுங்குறேன், பத்து நாள் எதுக்கு? உதட்டுல வெடிப்பு இருக்கா? எங்க இருக்கு, எனக்குத் தெரியலையே. சுட்டா கையிலயே வெடிச்சாலும் வெடிக்குமா? இம்புட்டு நாள் வெடிக்கலையே. ரசீது எல்லாம் வேணாம், சாமானைக் குடுங்க. எழுதாதீங்கன்னு சொல்றேன். ஏன் அதை டிராயர்ல போடுறீங்க? யாரைக் கேட்டுப் பூட்டுனீங்க?

நான் உங்களோட சண்டை போட வரலை பாய். வெள்ளிக்கிழமை. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அதுக்கப்பறம் நீங்களே வச்சுக்கங்க.

எங்க பாக்குறீங்க? வாசலையா? அவ ஏன் எந்திரிச்சு நிக்கிறா? உள்ள வா நாகு, ஏன் அங்கயே நிக்கிற. வரமாட்டா. கையெடுத்துக் கும்புடுறா பாருங்க உங்களை. அழுகவேற செய்யுறா. முப்பத்திநாலு வருசத்துல கோயில்லகூட அவ இப்படிக் கும்புட்டு நான் பாத்ததில்லை. பாத்தீங்களா, எனக்காக ஒரு மூணாம் மனுசன்கிட்ட கையேந்தி நிக்கிறா. நான் கேட்டுத்தான் நீங்க மசியலை. அவ கேக்குறதுக்காவது செஞ்சு குடுங்க.

ஆங். அவளைப் பாத்துத் தலையாட்டிட்டீங்க. நானும் பாத்தேன். இனி பேச்சு மாறக்கூடாது. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கிறேன், சாவியைத் தொலைச்சுட்டேன்னு கதை சொல்லாதீங்க.

அந்தா, உக்காந்துட்டா. பாட்டிலைத் திறந்து தண்ணி குடிக்கிறா. காலையில புறப்பட்டதுலருந்து பச்சத்தண்ணி தொடலை பாய், இப்பத்தான் குடிக்கிறா.